போத்தல் கண்ணாடியும் தேசியப் பரிசும்: திருகோணமலையிலிருந்து கேட்டவருக்கு

கேள்வி இது: "அவுஸ்திரேலியாவில் கண்ணாடிக் கலைஞர்களுக்கென்றே தேசியப் பரிசும் கண்காட்சியும் நடக்கிறதாம். நான் திருகோணமலை. உப்புவெளி ஹோட்டல்களில் ஒதுக்கும் போத்தல்களையும், கண்ணாடிக் கடையில் மிஞ்சும் ஜன்னல் துண்டுகளையும் சின்ன மின்சூளையில் உருக்கித் தட்டு, கிண்ணம், சுவரில் மாட்டும் பலகை எல்லாம் செய்கிறேன். அக்கா மெல்பேர்ணில் இருக்கிறா. அவவின் முகவரியில் விண்ணப்பிக்கலாமா? என் வேலை அங்கே எடுபடுமா? இன்னொன்று, சில துண்டுகள் செய்து முடித்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தானாக வெடிக்கின்றன. அம்மா நாவூறு என்கிறார்."

முகவரிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: கூடாது. எடுபடுமா என்பதற்கு, வேலையைப் பார்க்காமல் யார் பதில் சொன்னாலும் அது உபசாரம்தான். மூன்றாவதை நீங்கள் போகிற போக்கில் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். என் கணக்கில் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதுதான். தானாக வெடிக்கிற ஒரு பொருளை எந்தக் கண்காட்சியும் மேசையில் வைக்காது. அது ஏன் வெடிக்கிறது என்று தெரிந்துகொண்ட அன்றைக்கு மற்ற இரண்டு கேள்வியும் வேறு மாதிரித் தெரியும். அதனால் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் வெடிப்பைப் பற்றியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்கிறவன் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் கண்ணாடிக் குழாய்களை ஊதி, வளைத்து, ஒட்டும் வேலையில் தொடங்கியவன். பிறகு பல வருடம் அவுஸ்திரேலியாவில், சூளைக் கண்ணாடிப் பட்டறைகளில் தொழில்நுட்ப உதவியாளன். மற்றவர்களின் வேலையைச் சூளையில் ஏற்றி இறக்குவது, தேய்ப்பது, கண்காட்சிக்குப் பொதி கட்டுவது என் வேலை. இப்போது உவர்மலையில் இருக்கிறேன். பரிசுக் குழு எதிலும் நான் இருந்ததில்லை. உலைக்கு முன்னால் நின்று பெரிய பாத்திரங்கள் ஊதுகிறவர்களின் வித்தையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். சூளையும் ஆறவிடுதலும் பொதியும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். ரசனை பற்றிச் சொல்வதை ஒருவனுடைய அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக அடிலெயிட்டில் ஜாம்ஃபாக்டரி என்ற கைவினை, வடிவமைப்பு நிலையம் நடத்தும் ஃபியூஸ் கண்ணாடிப் பரிசாக இருக்கும். 2016 இல் தொடங்கியது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. ஏற்கெனவே நிலைபெற்ற கலைஞர்களுக்கு ஒரு பிரிவு, வளர்ந்துவருகிறவர்களுக்கு இன்னொரு பிரிவு. முதலில் படங்களைப் பார்த்துச் சிலரைத் தெரிவு செய்வார்கள், அவர்களுடைய வேலைகளே கண்காட்சிக்குப் போகும். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டு நாட்டுக் கலைஞர்களுக்கு மட்டும்தான் அது திறந்திருக்கிறது. பேர்த்தில், மேற்கு அவுஸ்திரேலியக் கலைக்கூடத்தில், 2003 இல் டொம் மலோன் பரிசு தொடங்கியது. அதில் வென்ற வேலையைக் கலைக்கூடமே தன் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளும், ஆகவே பரிசுப் பணம் ஒரு வகையில் வாங்கிய விலையும்தான். ஃபியூஸில் அப்படி இல்லை, வேலை கலைஞரிடமே இருக்கும். இவற்றுக்கு முன்னால் ரனமொக் என்று ஒரு பரிசு இருந்தது. அன்டி பிளமரும் மொரீன் கேஹிலும் தொடங்கி, 1995 முதல் 2014 வரை வருடந்தோறும் நடந்தது. என் தலைமுறைக்காரர்களுக்கு 'கண்ணாடிப் பரிசு' என்றால் இன்னும் அதுதான் நினைவுக்கு வரும்.

இந்தப் பரிசுகள் எல்லாம் யார் செய்தது என்பதைத்தான் பார்க்கும், யாருடைய வீட்டிலிருந்து கடிதம் வந்தது என்பதை அல்ல. அக்காவின் முகவரியைப் போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். செய்தவர் அக்கா என்று பொய் சொல்ல வேண்டிவரும், அல்லது நீங்கள் அங்கே வசிப்பதாகப் பொய் சொல்ல வேண்டிவரும். தெரிவாகாவிட்டால் ஒன்றுமில்லை. தெரிவாகிவிட்டால்தான் சங்கடம். இந்தத் துறை சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

தேசியப் பரிசு ஏன் இப்படி எல்லை போட்டுக்கொள்கிறது என்று கோபம் வரலாம். அது எப்படி உருவானது என்று பார்த்தால் கொஞ்சம் புரியும். 1962 இல் அமெரிக்காவின் டொலிடோ நகர அரும்பொருளகத்தில் ஹார்வி லிட்டில்டன் ஒரு பட்டறை நடத்தினார். பெரிய தொழிற்சாலையில் மட்டுமே முடியும் என்றிருந்த கண்ணாடி ஊதுதலை, ஒரு தனிக் கலைஞர் சின்ன உலையில் செய்ய முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். முதலில் போட்ட கலவை சரியாக உருகவே இல்லை. கண்ணாடி ஆய்வாளர் டொமினிக் லபினோ கொடுத்த கண்ணாடிக் குண்டுகளை உருக்கித்தான் வேலை நடந்தது. லிட்டில்டனிடம் படித்த சாம் ஹெர்மன் 1974 இல் அடிலெயிட்டுக்கு வந்து ஜாம்ஃபாக்டரியில் உலையை மூட்டினார். 1982 இல் ஜேர்மனியிலிருந்து கிளவுஸ் மோயா கன்பராவுக்கு வந்து, அங்குள்ள கலைப் பள்ளியில் கண்ணாடிப் பிரிவைத் தொடங்கினார். வாகா வாகா நகரின் கலைக்கூடம் ஒரு தேசியக் கண்ணாடித் தொகுப்பைச் சேர்த்தது. இவ்வளவும் நடந்து, படித்து வெளியே வந்தவர்கள் ஒரு கூட்டமாகப் பெருகிய பிறகுதான் 1995 இல் அந்த முதல் பரிசு வந்தது. உலை, பள்ளி, தொகுப்பு, அப்புறம் பரிசு. எங்களிடம் பரிசு இல்லை என்று சொல்கிறவர்கள், எங்களிடம் பொதுச் சூளை ஒன்றுகூட இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

மோயாவின் பெயரை ஒரு காரணத்தோடுதான் எடுத்தேன். அவருடைய பிரச்சினையும் உங்களுடைய பிரச்சினையும் ஒன்று. வெவ்வேறு நிறக் கண்ணாடிகளை அடுக்கிச் சூளையில் ஒன்றாக உருக்குவது அவருடைய முறை. எல்லா நிறமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, ஒத்துப்போகாதவை வெடிக்கும். அதனால் கிடைக்கிற சில கண்ணாடிகளுக்குள்ளேயே அவர் கைகட்டிக் கிடந்தார். 1979 இல் அமெரிக்காவில் பில்சக் கண்ணாடிப் பள்ளிக்குக் கற்பிக்கப் போன இடத்தில், போர்ட்லண்டைச் சேர்ந்த புல்ஸ்ஐ என்ற கண்ணாடிக் கொம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரைச் சந்தித்தார். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் நிறக் கண்ணாடித் தகடுகளைச் செய்து தருகிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். 80களின் தொடக்கத்தில் செய்தும் காட்டினார்கள். கன்பராவில் மோயா கட்டியெழுப்பிய சூளைக் கண்ணாடி மரபு அந்தத் தகடுகளின் மேல்தான் நிற்கிறது. இன்று பரிசுக் கண்காட்சிகளில் நீங்கள் பார்க்கும் சூளை வேலைகளில் பலவும் அந்த வழி வந்தவை. வெடிப்பைத் தீர்த்த பிறகு பிறந்த கலை என்றே சொல்லலாம்.

சரி, உங்கள் துண்டு ஏன் வெடிக்கிறது? கண்ணாடி சூட்டில் விரியும், ஆறும்போது சுருங்கும். எவ்வளவு என்பது அதன் கலவையைப் பொறுத்தது, பள்ளியில் விரிகைத்திறன் என்று படித்திருப்பீர்கள். போத்தலும் ஜன்னலும் ஒரே குடும்பம்தான். இரண்டிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் சிலிக்கா, மீதியில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். ஆனால் அளவுகள் கொஞ்சம் வேறுபடும், அந்தக் கொஞ்சமே போதும். உருகிய நிலையில் இரண்டும் சந்தோசமாக ஒட்டிக்கொள்ளும். இறுகிய பிறகு ஒன்று கூடச் சுருங்கப் பார்க்கும், மற்றது விடாது. அந்த இழுபறி உள்ளேயே பூட்டப்பட்டுக் கிடக்கும். சூளையிலிருந்து எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் பகல் வெயில் பட்டோ, மேசையில் கொஞ்சம் தட்டுப்பட்டோ, அல்லது எதுவும் இல்லாமலோ, பட் என்று பிரியும். இதை எந்தச் சூளை அட்டவணையாலும் சரிசெய்ய முடியாது. ஒத்துப்போகாத இரண்டு கண்ணாடியை எவ்வளவு மெதுவாக ஆறவிட்டாலும் அவை ஒத்துப்போகாதவையே. இது நிச்சயம்.

இரண்டாவது காரணம் ஆறவிடுதல். உருகிய துண்டின் வெளிப்புறம் முதலில் ஆறும், உட்புறம் பின்தங்கும். உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வரும்வரை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் நிறுத்திவைத்து, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். அனீலிங் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். சூளையின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் படுக்கப்போனால், தடிப்பில்லாத சின்னத் துண்டு தப்பலாம், தடித்தது தப்பாது. உங்கள் விஷயத்தில் இரண்டில் எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் உடைந்த துண்டுகள் சொல்லும். வெடிப்பு ஒரு நிறம் முடிந்து மற்ற நிறம் தொடங்கும் எல்லையை ஒட்டியே ஓடியிருந்தால் ஒத்துப்போகாமை. எல்லையைப் பற்றிக் கவலைப்படாமல் துண்டின் குறுக்கே நெளிந்து வளைந்து ஓடியிருந்தால் பெரும்பாலும் ஆறவிடுதல் போதவில்லை. உடைந்த விளிம்பு கூராக இல்லாமல் மழுங்கி உருண்டிருந்தால், சூடேற்றும்போதே, அதாவது மேலே போகிற வழியில், உடைந்து பிறகு உருகியிருக்கிறது. அது வேகமாகச் சூடேற்றியதன் குற்றம். நாவூறுக்கு இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு அடையாளத்தை நான் இதுவரை காணவில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

எண்கள் கேட்பீர்கள். ஜன்னல் கண்ணாடிக்கு நிறுத்திவைக்கும் சூடு 545 பாகை செல்சியசுக்குக் கிட்ட. போத்தல் கண்ணாடிக்கும் ஏறத்தாழ அங்கேதான். கலைக்கென்றே செய்த புல்ஸ்ஐ தகடுகளுக்கு 482. இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் இந்தத் தகடுகளுக்கானவை. போத்தலுக்கு அதை அப்படியே போட்டால், தேவையான இடத்துக்குக் கீழே போய் நிறுத்துகிறீர்கள், நிறுத்தியதில் பயனில்லை. பலருடைய போத்தல் வேலை கெடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆறு மில்லிமீற்றர் தடிப்பென்றால் 545 இல் ஒரு மணித்தியாலம் நிறுத்தி, 430 வரை மணிக்கு 80 பாகைக்கு மேல் விழாமல் இறக்குங்கள். அதற்குக் கீழே கொஞ்சம் வேகமாகப் போகலாம், ஆனால் கதவைத் திறக்க வேண்டாம். தடிப்புக் கூடினால் கணக்கு நேராகக் கூடாது, இரட்டித்தால் வேகம் கால்வாசியாக வேண்டும். புல்ஸ்ஐ வெளியிட்ட அட்டவணையில், நிறுத்திய பிறகு வரும் முதல் இறக்கம் 12 மில்லிமீற்றருக்கு மணிக்கு 55 பாகை, 25 மில்லிமீற்றருக்கு 15, 50 மில்லிமீற்றருக்கு 4 பாகைக்கும் குறைவு. 50 மில்லிமீற்றர்க் கட்டி ஒன்று அந்த முதல் 55 பாகை இறங்கவே 14 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அரும்பொருளகத்தில் ஒரு பெரிய கட்டிக் கண்ணாடியைப் பார்க்கும்போது அது சூளைக்குள் இருந்த நாட்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு எதிரி இருக்கிறது: கரண்ட். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அந்த நாட்களில் சூளைக் கண்ணாடி செய்வது நடக்காத காரியம். இப்போதும் மழைக்காலத்தில் எப்போது போகும் என்று தெரியாது. சூளை செங்கல் சுவர் வைத்ததென்றால், கரண்ட் போனாலும் தன் சூட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லத்தான் இறங்கும். மூடியைத் திறந்து பார்க்காமல் விட்டால் மெல்லிய துண்டு தப்பக்கூடும். பஞ்சு மாதிரியான பைபர் வைத்த சின்னச் சூளை மளமளவென்று இறங்கிவிடும். ஒரு ஆறுதல் உண்டு. கெட்டது ஆறவிடுதல் மட்டும் என்றால், உடையாத துண்டைத் திரும்பச் சூளையில் வைத்து, மெதுவாக 545 க்கு ஏற்றி, ஒழுங்காக இறக்கினால் உள்ளிருந்த இறுக்கம் போய்விடும். கலந்த கண்ணாடிக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

எது என்று கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது, காசில்லாதது. மடிக்கணினியின் திரையை வெறும் வெள்ளையாக்குங்கள். பெரும்பாலான எல்சிடி திரைகளிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரு திசைப்பட்டது. வெயிலுக்குப் போடும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் திருப்புங்கள், ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். இப்போது இடையில் உங்கள் துண்டைப் பிடியுங்கள். உள்ளே இறுக்கம் இல்லாத கண்ணாடி இருட்டாகவே இருக்கும். இறுக்கம் உள்ள இடம் வெளிச்சமாக, பால் மாதிரி ஒளிரும். இரண்டு கண்ணாடி சேரும் எல்லையில் ஒளிவட்டம் தெரிந்தால், அந்தக் கூட்டு இன்றில்லாவிட்டால் நாளை போகும். புதிய கலவையை முயலும்போது முழுத் தட்டைச் செய்து பார்க்காதீர்கள். அடிக் கண்ணாடியில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, அதன் மேல் மற்றதன் சின்னச் சில்லுகளை வைத்து உருக்கி, நன்றாக ஆறவிட்டு, இப்படிப் பாருங்கள். பால் நிறக் கண்ணாடியிலும் அடர் நிறத்திலும் இந்தச் சோதனை உதவாது, ஒளி ஊடுருவ வேண்டும்.

நடைமுறையில் சொன்னால்: ஒரு துண்டு, ஒரு போத்தல். ஒரே போத்தலை உடைத்து அதற்குள்ளேயே வேலை செய்தால் ஒத்துப்போகுமா என்ற கேள்வியே எழாது. ஒரே கொம்பனியின் பச்சைப் போத்தல்கள் இரண்டென்றாலும் வெவ்வேறு காலத்து வார்ப்பாக இருக்கலாம், சோதித்துத்தான் சேர்க்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியை ஜன்னல் கண்ணாடியோடு வையுங்கள். அது உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து இறுகிய தகடு, ஒரு பக்கத்தில் வெள்ளீயத்தின் மெல்லிய படிவு இருக்கும். சூளையில் வளைக்கும்போது அந்தப் பக்கம் மங்கலாகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம். போத்தலும் ஜன்னலும் உயர்ந்த சூட்டில் அதிக நேரம் கிடந்தால் மேலே வெள்ளையாக, உப்புப் பூத்ததுபோல் ஒரு படலம் வரும். அதற்கு மருந்து சுத்தம். கைரேகை, சவர்க்கார மிச்சம், பழைய லேபல் பசை ஒன்றும் இருக்கக்கூடாது. 700 க்கு மேல் தேவைக்கு அதிகமாகத் தங்கவும் கூடாது. கடற்கரையில் பொறுக்கியதென்றால் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பலமுறை கழுவுங்கள். தேய்க்கும்போதும் வெட்டும்போதும் தண்ணீர் விட்டே செய்யுங்கள். உலர்ந்த கண்ணாடித் தூசி நெஞ்சுக்கு ஆகாது, துணி முகமூடி அதைத் தடுக்காது.

இன்னொன்றும் ஊரில் அடிக்கடி கேட்பார்கள்: புல்மோட்டையில் இவ்வளவு மணல் இருக்கும்போது ஏன் போத்தலை உருக்க வேண்டும்? புல்மோட்டை மணல் இல்மனைற்று, றூற்றைல், சேர்க்கோன் என்று கனிய மணல். அதன் மதிப்பு தைத்தேனியமும் சேர்க்கோனும்தான், இல்மனைற்றில் இரும்பும் சேர்ந்திருக்கும். தெளிந்த கண்ணாடிக்கு இரும்பு எதிரி. நாட்டில் கண்ணாடி மணல் என்றால் மேற்கே நாத்தாண்டியாப் பக்கமும் வடக்கே வல்லிபுரத்து வெள்ளை மணலும். அதையும் நீங்கள் உருக்கப் போவதில்லை. மணலிலிருந்து தொடங்க 1400 பாகைக்கு மேல் வேண்டும், அது தொழிற்சாலைக் காரியம். பெரும்பாலான கலைஞர்கள் யாரோ செய்த கண்ணாடியைத்தான் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். அதனால் போத்தலில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி 'எடுபடுமா'. இங்கே நான் நிச்சயத்திலிருந்து அபிப்பிராயத்துக்கு இறங்குகிறேன். நடுவர்கள் ஒவ்வொரு முறையும் மாறுவார்கள், அவர்களுடைய ரசனையை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எதை அனுப்பக்கூடாது என்பதைக் கொஞ்சம் துணிந்து சொல்லலாம். போத்தலைப் படுக்கவைத்துத் தட்டையாக்கிய தட்டு உலகம் முழுவதும் கைவினைச் சந்தைகளில் கிடைக்கிறது. விற்கட்டும், நல்லது, உப்புவெளியில் வெள்ளைக்காரர் வாங்குவார்கள். பரிசுக்கு அனுப்ப வேண்டாம். கழிவிலிருந்து செய்தது என்பது மட்டும் ஒரு வேலையைக் கலையாக்காது. கோணேசர் கோயில் நிழலுரு, இராவணன் வெட்டு, கோட்டைக்குள் நிற்கும் மான் இவற்றையும் சுவர்ப் பலகையில் போடாதீர்கள் என்பேன். அஞ்சலட்டைக்காரர்கள் அதையெல்லாம் எப்போதோ முடித்துவிட்டார்கள். அடிலெயிட்டில் வேலை செய்யும் ஜெசிக்கா லாக்லினின் சூளைக் கண்ணாடிகளைத் தேடிப் பாருங்கள். 2018 ஃபியூஸ் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, வெளிறிய நிறமும் ஒரு அடிவானமும்தான். உப்பு ஏரியும் தண்ணீர் வற்றிப்போன வெளியும் அவருக்கு விஷயம். நிலாவெளி உப்பளத்தை மத்தியானத்தில் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாக இராது. அவரைப் போல் செய்யச் சொல்லவில்லை. ஒரு பொருளை எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார் என்பதைப் பாருங்கள்.

எனக்குத் தோன்றுவது ஒன்று: போத்தல் கண்ணாடியின் குறைகளையே, அந்த வெள்ளைப் படலம், அந்தப் பழுப்பு, அந்தக் குமிழி, இவற்றையே வேண்டுமென்று வரவழைத்து, அளவோடு நிறுத்தத் தெரிந்தால் அங்கே ஒரு வேலை இருக்கிறது. தற்செயலாக வந்த படலத்துக்கும் வரவழைத்த படலத்துக்கும் வித்தியாசம் பார்க்கிறவருக்குத் தெரியும். இதைச் செய்ய எத்தனை சூடேற்றல் தேவை என்று கேட்காதீர்கள். ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதிவையுங்கள்: எந்தப் போத்தல், என்ன தடிப்பு, எந்தச் சூடு, எவ்வளவு நேரம், என்ன வந்தது.

அனுப்ப உங்களுக்குத் திறந்திருக்கும் கதவுகளும் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டூர்பிரிட்ஜில் 2004 இல் தொடங்கிய பிரித்தானியக் கண்ணாடி ஈராண்டுக் கண்காட்சி அந்த நாட்டவர்க்கும் அங்கே வேலை செய்கிறவர்களுக்குமானது, ஜேர்மனியின் கோபேர்க் பரிசு ஐரோப்பாவுக்கானது, இரண்டையும் விட்டுவிடுங்கள். யப்பானின் தொயாமா நகரம் 2018 இல் தொடங்கிய சர்வதேசக் கண்ணாடிக் கண்காட்சி எந்த நாட்டவர்க்கும் திறந்தது. அதே நாட்டில் கனசாவாவிலும் பல காலமாகச் சர்வதேசக் கண்காட்சி நடந்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் கோர்னிங் கண்ணாடி அரும்பொருளகம், உலகெங்கும் இருந்து வரும் படங்களில் புதிய வேலைகள் 100 ஐத் தெரிவு செய்து வெளியிட்டு வந்திருக்கிறது. படம் மட்டும் போதும் என்பதால் பொதிச்செலவு இல்லை. உங்கள் நிலைமைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த வகையைத்தான். விதியும் திகதியும் ஒவ்வொரு தடவையும் மாறும், அந்தந்த அறிவித்தலை முழுதாக வாசியுங்கள். உள்நாட்டில் தேசிய அருங்கலைகள் பேரவையின் சில்ப அபிமானி போட்டி மாகாண மட்டத்தில் தொடங்கித் தேசிய மட்டத்துக்குப் போகிறது. சமகாலக் கலை என்ற கண்ணோடு அது இயங்குவதில்லை, கைவினைக்கானது. ஆனால் உங்கள் கிண்ணங்களுக்கு அது பொருத்தமான இடம், சுவர்ப் பலகையைக் கொண்டுபோக வேண்டாம்.

படம் எடுப்பதை லேசாக எண்ணாதீர்கள், முதல் சுற்றில் நடுவர் பார்ப்பது அதை மட்டும்தான். சாம்பல் நிறத் தாளைப் பின்னால் வளைத்துப் போட்டு, காலை வெயில் நேரே விழாத ஜன்னலோரம் வையுங்கள். கண்ணாடியில் வீட்டுச் சாமானும் உங்கள் முகமும் தெரியாமல் பாருங்கள். ஒரு முழுப் படம், ஒரு விளிம்பு, ஒரு அண்மைப் படம் போதும். பூ, சங்கு, பட்டுத்துணி ஒன்றும் பக்கத்தில் வேண்டாம். குறிப்பு எழுதச் சொன்னால் எந்தப் போத்தல், எப்படி உருக்கியது, ஏன் என்று நாலு வரி எழுதினால் நன்றாக வாசிக்கலாம்.

தெரிவாகி அனுப்ப வேண்டி வந்தால், அறிவித்தலில் யார் எந்தச் செலவை ஏற்பது என்று பாருங்கள். போகிற செலவு பெரும்பாலும் கலைஞருடையது. விற்காவிட்டால் திரும்பி வரும் செலவையும் சிலர் கலைஞர் தலையில் போடுவார்கள், அதை முன்னமே கேட்டுவிடுங்கள். கண்ணாடியை ஒரு பெட்டிக்குள் வைத்து, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாத ஸ்பொஞ்சு வைத்து, இன்னொரு பெட்டிக்குள் இறக்குங்கள். வெளிப்பெட்டி மரமென்றால், வெப்பமூட்டிப் பதப்படுத்தியதற்கான ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதியின் முத்திரை குத்திய மரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே மறித்துவிடுவார்கள். ஊர்த் தச்சரிடம் செய்வித்த பெட்டியில் அந்த முத்திரை இராது. கொழும்பில் ஏற்றுமதிப் பொதி செய்கிறவர்களிடம் கேளுங்கள், அல்லது முத்திரை தேவைப்படாத ஒட்டுப்பலகையில் செய்வியுங்கள்.

இப்போதைக்கு வெடித்த துண்டுகளை எறிய வேண்டாம். உடைந்த கோட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், முடிந்தால் திரைக்கு முன்னால் பிடித்த படமும். சூளையின் உள்ளளவு, சுவர் செங்கல்லா பைபரா, சூட்டைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் இருக்கிறதா, எந்தச் சூட்டில் நிறுத்துகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்தால் கலவையா ஆறவிடுதலா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம்.